மகோகனியின் கடைசிக் காலம்: ரீவா அக்குவாராமா படகின் வடிவ வரலாறு

1962ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் நடந்த படகுக் கண்காட்சிக்கு ‘லிபிகார்’ என்ற பெயரில் ஒரு மரப்படகு வந்தது. நீளம் ஏறத்தாழ எட்டு மீட்டர். வார்னிஷ் பளபளப்பில் மகோகனி மரத்தின் செம்பழுப்பு ரேகைகள் தெளிவாகத் தெரிந்தன. முன்னால் இருபக்கமும் வளைந்து செல்லும் அகலமான கண்ணாடி, பின்னால் படுத்து வெயில் காய ஒரு மெத்தை, அதன் அடியில் இரண்டு எஞ்சின்கள். ரீவா படகுத்தளத்தின் ‘அக்குவாராமா’ வரிசையில் இதுவே முதல் படகு. வடஇத்தாலியில் இசேயோ ஏரிக்கரையிலுள்ள சார்னிக்கோ என்ற சிற்றூரில் தொடங்கிய இந்த வரிசை 1996 வரை தொடர்ந்தது. அந்த 34 ஆண்டுகளில் 700க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன.

இந்த நீண்ட ஆயுள் எளிதில் விளங்குவதில்லை. அக்குவாராமா பிறக்கும்போதே அதன் காலம் முடிந்துவிட்டது என்று சொல்ல வலுவான காரணங்கள் இருந்தன. 1960இல் மயாமியிலிருந்து நாசாவு நகருக்கு நடந்த கடற்பந்தயத்தில், ரே ஹண்ட் வடிவமைத்த ‘மாப்பி’ என்ற படகில் டிக் பெர்ட்ராம் வென்றார். அடிப்பகுதி முழுவதும் ஆழமான ‘வி’ வடிவில் அமைந்த படகு அது. அலையடிக்கும் கடலில் வேகமாகச் செல்ல எந்த வடிவம் ஏற்றது என்பதை அந்த வெற்றி உலகத்துக்குக் காட்டியது. அடுத்த ஆண்டே அதன் வழியில் பெர்ட்ராம் 31 என்ற படகு ஃபைபரில் உற்பத்திக்கு வந்தது. அதாவது புதிய வடிவமும் புதிய பொருளும் அக்குவாராமாவுக்கு முன்பே சந்தையில் நின்றன. ஆனாலும் ஏரியில் வளர்ந்த, மரத்தால் ஆன ஒரு படகுதான் அந்த நூற்றாண்டின் சொகுசு விசைப்படகுகளுக்கு அடையாளமாக நிலைத்தது.

இது எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. திரைநட்சத்திரங்கள், கோடீஸ்வரர்கள், தெற்கு பிரான்ஸின் கடற்கரைகள் என்றுதான் வழக்கமாக விடை சொல்வார்கள். அவையெல்லாம் பின்னால் வந்தவை. படகின் கட்டுமானத்திலும், அதைக் கட்டிய முறையில் ஒரு மனிதர் கொண்டுவந்த ஒழுங்கிலும்தான் விடை இருக்கிறது என்பது என் கருத்து.

சார்னிக்கோவின் நான்கு தலைமுறை

ரீவா குடும்பத்தின் கதை 1842இல் தொடங்குகிறது. கோமோ ஏரிக்கரையைச் சேர்ந்த பியெத்ரோ ரீவா என்ற இளம் தச்சர் சார்னிக்கோவுக்கு வந்தார். புயலில் சேதமான உள்ளூர் மீனவர்களின் படகுகளைப் பழுதுபார்த்துப் பெயர் பெற்றார் என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவருக்குப் பின் வந்த எர்னெஸ்தோ படகுகளுக்கு எஞ்சின் பொருத்தத் தொடங்கினார். பயணிகளையும் சரக்கையும் ஏற்றும் கலங்கள் அவர் காலத்தில் உருவாயின. மூன்றாம் தலைமுறையான செராஃபினோவுக்கு வேகத்தில் நாட்டம். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் பந்தயப் படகுகளைக் கட்டினார்.

பிற்கால அக்குவாராமாவுக்குத் தேவையான மூன்று பண்புகளும் இந்த மூன்று தலைமுறைகளில் தனித்தனியே சேர்ந்துவிட்டன. பியெத்ரோவிடமிருந்து மரவேலை, எர்னெஸ்தோவிடமிருந்து எஞ்சின், செராஃபினோவிடமிருந்து வேகம். இல்லாதது ஒன்றுதான்: ஒரே தரத்தில் ஒரு படகைத் திரும்பத் திரும்பக் கட்டும் முறை. செராஃபினோவின் பட்டறையில் ஒவ்வொரு படகும் ஒரு வாடிக்கையாளரின் விருப்பத்துக்கேற்ற தனிப் படைப்பு. ஒரு படகில் கற்றுக்கொண்டது அடுத்த படகுக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை.

கார்லோ கொண்டுவந்த ஒழுங்கு

1922இல் பிறந்த கார்லோ ரீவா, இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில் பட்டறையின் பொறுப்பை ஏற்றார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த கருத்து வேறுபாடு பலரும் அறிந்தது. பந்தயப் படகுகளையே தொடர வேண்டும் என்றார் தந்தை. குறிப்பிட்ட சில மாதிரிகளை வரைபடத்தில் நிலைநிறுத்தி, அச்சுச் சட்டங்களை வைத்து, ஒரே அளவில் தொடர்ச்சியாகக் கட்ட வேண்டும் என்றார் மகன்.

கார்லோவின் பார்வை அமெரிக்காவை நோக்கியிருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் அல்கோனாக்கில் வேர்கொண்ட கிரிஸ்-கிராஃப்ட் நிறுவனம், மகோகனி விசைப்படகுகளைத் தொழிற்சாலை முறையில் கட்டி, நடுத்தர வசதி படைத்தவர்களுக்கும் விற்றுவந்தது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஏரிகளில் உலா போவதற்கென்றே அங்கே ஒரு படகு வகை உருவாகியிருந்தது. தாழ்ந்த பக்கங்கள், நீண்ட முன்தளம், காரைப் போன்ற இருக்கைகள், உள்ளே பொருத்திய எஞ்சின் ஆகியவை அதன் அடையாளங்கள். ரீவா படகுகளின் மூதாதை இந்த வகைதான். இதை மறைக்க வேண்டியதில்லை. 1950களின் தொடக்கத்தில் கார்லோ கிரிஸ்-கிராஃப்ட் எஞ்சின்களை வாங்க உடன்பாடு செய்துகொண்டார். போரில் நொறுங்கியிருந்த ஐரோப்பாவில் நம்பகமான கடல் எஞ்சின் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. அந்த உடன்பாடு சார்னிக்கோவுக்குப் பெரும் வலிமை தந்தது.

ஆனால் அமெரிக்க முறையை அவர் முழுவதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிரிஸ்-கிராஃப்ட் தொடர் உற்பத்தியால் விலையைக் குறைத்தது. கார்லோ அதே முறையைக் கொண்டு தரத்தை உயர்த்தினார். ஒரே மாதிரியைப் பலமுறை கட்டும்போது ஒவ்வொரு குறையும் கண்ணில் படும். திருத்திய குறை அடுத்த படகில் திரும்ப வராது. எந்தப் படகுக்கு எந்த உதிரிப்பாகம் பொருந்தும் என்பது தெரியும். பழுதுபார்ப்பும் எளிதாகும். கைவினையும் தொடர் உற்பத்தியும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்தை அவர் பட்டறை பொய்யாக்கியது.

1950களில் மாதிரிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆரிஸ்டன் ஒற்றை எஞ்சினுடன் மெல்லிய கோடுகள் கொண்டது. ட்ரிட்டோனே இரட்டை எஞ்சின் கொண்ட பெரிய படகு. செபினோவும் ஃப்ளோரிடாவும் சற்றே சிறியவை. பனிச்சறுக்கு போல நீரில் சறுக்கி விளையாடுவோரை இழுத்துச் செல்லவும் ஏற்றவை. 1956இல் ஜியோர்ஜியோ பாரிலானி என்ற இளைஞர் பட்டறையில் சேர்ந்தார். கார்லோவின் எண்ணங்களைக் காகிதத்தில் வடிவமாக்கிய கை அவருடையது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் அவர் ரீவாவின் வரைபட மேசையில் பணியாற்றினார். ஏரிக்கரையில் கட்டப்பட்ட புதிய தளத்தில், கப்பலின் மேல்தளம் போலத் தொங்கும் ஒரு அலுவலகத்தைக் கார்லோ அமைத்துக்கொண்டார். கீழே நடக்கும் வேலையும் படகுகள் நீரில் இறங்குவதும் அங்கிருந்து அவர் கண்ணுக்குத் தெரியும்.

ட்ரிட்டோனேயிலிருந்து அக்குவாராமா

அக்குவாராமாவின் உடல் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. ட்ரிட்டோனேயின் உடலைத்தான் அது எடுத்துக்கொண்டது. பத்தாண்டு காலம் ஏரியிலும் கடலிலும் ஓடித் தேர்ந்த ஒரு வடிவத்தின்மேல் புதிய வாழ்க்கைமுறைக்கான ஏற்பாடுகளைச் சேர்த்ததே அதன் வடிவமைப்பு. இதைப் புரிந்துகொள்ள, இத்தகைய படகு நீரில் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நீரை விலக்கிக்கொண்டு செல்லும் சாதாரணப் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை. எட்டு மீட்டர் படகுக்கு அந்த எல்லை மணிக்கு ஏறத்தாழ 12, 13 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் எவ்வளவு விசை கொடுத்தாலும், தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முடியாமல் படகு திணறும். அந்த எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் படகு நீரிலிருந்து எழும்பி, மேற்பரப்பில் சறுக்க வேண்டும். அதற்குப் போதிய குதிரைத்திறன், குறைந்த எடை, பின்பகுதியில் தட்டையாக விரியும் அடிப்பரப்பு ஆகிய மூன்றும் தேவை. அக்குவாராமாவின் முன்முனை நீரைக் கிழிக்கும்படி கூர்ந்து, மேல்நோக்கி விரிந்து, தெறிக்கும் நீரை வெளியே தள்ளுகிறது. பின்னோக்கிப் போகப் போக அடிப்பகுதி தட்டையாகி, படகைத் தூக்கிப் பிடிக்கும் சறுக்குப்பரப்பாக மாறுகிறது. அமைதியான நீரில் இந்த அமைப்பு குறைந்த விசையில் விரைவாக எழும்பும். கொந்தளிக்கும் கடலில் ஆழமான ‘வி’ வடிவம் தரும் மென்மையை இது தராது. ஏரியின் பிள்ளை என்பது அதன் அடிப்பகுதியில் எழுதியிருக்கிறது.

மேலே வந்தால் படகின் பக்கச்சுவர்கள் கவனத்துக்குரியவை. முன்பகுதியில் வெளியே விரியும் அவை, பின்பகுதியில் மெல்ல உள்நோக்கி வளைந்து, பின்புறத்தை உருட்டி முடிக்கின்றன. ஒரே பலகைப் பரப்பு முன்னிருந்து பின்னுக்குப் போகும்போது தன் சாய்வைத் தலைகீழாக மாற்றிக்கொள்கிறது. இதை மரத்தில் செய்வது கடினம். எங்காவது ஒரு விலாச் சட்டம் சற்றே பிசகினாலும், வார்னிஷ் பூசிய பரப்பில் ஒளி பட்டதும் அலை போலத் தெரிந்துவிடும். அக்குவாராமாவின் அழகு பெரும்பாலும் இந்தப் பிசகற்ற வளைவிலிருந்து வருகிறது. தனியே ஒட்டிய அலங்காரம் அதில் மிகக் குறைவு.

மக்கள் கண்ணில் முதலில் பட்டது முன்கண்ணாடி. 1950களில் அமெரிக்காவில் மூன்று திரைப்பட வீழ்த்திகளைக் கொண்டு அகன்ற வளைந்த திரையில் காட்டிய ‘சினராமா’ திரைப்பட முறை பெரும் பரபரப்பை ஏற்படுத்தியிருந்தது. படகின் பெயர் அதிலிருந்தே வந்தது. வளைந்த முன்கண்ணாடி அந்தக் காலத்துப் பெரிய அமெரிக்கக் கார்களிலும் புகழ்பெற்றிருந்தது. படகில் அது கண்ணுக்கு மட்டும் அமைந்ததன்று. பக்கவாட்டில் வீசும் காற்றையும் நீர்த்துளிகளையும் தடுத்தது. ஓட்டுபவருக்கு அகன்ற பார்வையைத் தந்தது.

உள்ளமைப்பில்தான் உண்மையான மாற்றம் நடந்தது. பழைய அமெரிக்க ஏரிப்படகுகள் பலவற்றில் எஞ்சின் நடுவில் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் வரிசை இருக்கைகள். ஏறியவர் உட்கார்ந்த இடத்திலேயே பயணம் முடியும் வரை இருக்க வேண்டும். அக்குவாராமாவில் எஞ்சின்கள் பின்னால் போயின. அவற்றின் மேல்மூடி வெயில் காயும் மெத்தையானது. இருக்கைகளுக்கு இடையே நடமாட வழி வந்தது. முன்தளத்தின் அடியில் இருவர் படுக்கும் அளவுக்கு ஒரு சிறிய அறை இருந்தது. பின்புறத்தில் கடலில் இறங்கி நீந்திவிட்டு ஏறலாம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் வாகனமாக இருந்த படகு, பகல் முழுவதும் நீரில் தங்கியிருக்கும் இடமாக மாறியது. இன்று கட்டப்படும் எந்தச் சொகுசுப் பகற்படகை எடுத்துக்கொண்டாலும் ஓட்டுமிடம், உட்காருமிடம், வெயில் காயுமிடம், நீந்துமிடம் என்ற இந்த வரிசையை அதில் காணலாம்.

மரத்தைக் கட்டும் முறை

மரம் உயிருள்ள பொருள் போலவே நடந்துகொள்ளும். ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ரேகையின் திசையில் வலுவாக இருக்கும், குறுக்கே பிளக்கும். பலகைகளை அடுக்கிக் கட்டும் பழைய முறையில், கரையேற்றி வைத்த படகு காய்ந்து இணைப்புகள் விரியும். மீண்டும் நீரில் விட்டு ஊறவைத்த பிறகே ஒழுக்கு நிற்கும். இரட்டை எஞ்சின்களின் அதிர்வையும், அலைமேல் மோதும் அடியையும் தாங்க வேண்டிய வேகப்படகுக்கு இது போதாது.

இதற்கு விடையாக வந்தது கடற்பயன்பாட்டு ஒட்டுப்பலகை. மெல்லிய மரத்தகடுகளை ரேகைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி அடுக்கி, நீர்புகாப் பசையிட்டு அழுத்தி ஒட்டும்போது மரத்தின் உப்பலும் சுருக்கமும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. ஒரு திசையில் பிளக்கும் குணம் போய்விடுகிறது. ரீவா பட்டறை ஏரா எனப்படும் நடுத்தண்டையும் வங்குகள் எனப்படும் விலாச் சட்டங்களையும் திட மரத்தில் அமைத்து, உடலின் மேற்பரப்பை மகோகனி ஒட்டுப்பலகையால் வளைத்து மூடியது. இதனால் படகு எடை குறைந்தது, விறைப்புக் கூடியது, ஒரே வடிவத்தைத் துல்லியமாகத் திரும்பவும் எடுக்க முடிந்தது. கார்லோ விரும்பிய தொடர் உற்பத்தி சாத்தியமானதற்கு இந்தப் பொருள் ஒரு முக்கியக் காரணம். வெளியிலிருந்து பார்ப்பவர் இதைத் தொன்மையான மரப்படகு என்று நினைக்கிறார். உள்ளே இருப்பது அந்தக் காலத்தின் புதிய பொறியியல்.

அதன்மேல் வார்னிஷ். இருபது பூச்சுகள் வரை பூசப்பட்டன. ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் தேய்த்துச் சமப்படுத்தி அடுத்ததைப் பூச வேண்டும். முதல் பூச்சுகள் மரத்தின் துளைகளை நிரப்புகின்றன. பின்வரும் பூச்சுகள் கண்ணாடி போன்ற ஆழத்தைத் தருகின்றன. இந்தப் பளபளப்புக்கு நடைமுறைப் பயனும் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர்களும் நீரும் மரத்தைத் தொடாமல் காக்கும் கவசம் அதுவே. ஆனால் அந்தக் கவசம் தேய்வது. ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும், கீறல்களை மூட வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதிதாகப் பூச வேண்டும். அக்குவாராமா வாங்கியவர் அதைப் பராமரிக்கும் கடமையையும் சேர்த்தே வாங்கினார்.

கார்லோ இதை நன்கு உணர்ந்திருந்தார். விற்றதோடு உறவு முடியக் கூடாது என்பதால் விற்பனைக்குப் பிந்தைய சேவையையும் திட்டமிட்டு உருவாக்கினார். 1959இல் மொனாக்கோவில் அவர் தொடங்கிய சேவை நிறுவனம், அங்கே துறைமுகத்தை ஒட்டிய பாறையைக் குடைந்து அமைத்த சுரங்கக் கூடத்தில் படகுகளை வெயில்படாமல் காத்தது. உரிமையாளர் வரும்போது படகு தயாராக நிற்கும். மரப்படகு என்றால் தொல்லை என்ற அச்சத்தை இந்த ஏற்பாடு போக்கியது.

மூன்று வடிவங்கள்

34 ஆண்டுகளில் அக்குவாராமா மூன்று முதன்மை வடிவங்களில் வந்தது. 1962இல் முதல் அக்குவாராமா. 1963இல் அதைவிடப் பெரிய, விசை மிகுந்த சூப்பர் அக்குவாராமா. இது 1971 வரை கட்டப்பட்டது. 1972இல் அக்குவாராமா ஸ்பெஷல். வரிசையின் கடைசி வரை நின்றது இதுதான்.

முதல் படகில் கிரிஸ்-கிராஃப்ட் எஞ்சின்கள் ஒவ்வொன்றும் 185 குதிரைத்திறன். ஸ்பெஷலில் எட்டு உருளைகள் கொண்ட எஞ்சின்கள் ஒவ்வொன்றும் சுமார் 350 குதிரைத்திறன். விசை ஏறத்தாழ இரட்டிப்பானது. நீளமோ எட்டு மீட்டரிலிருந்து 8.8 மீட்டர் அளவுக்குத்தான் போனது. பிற்கால வடிவங்கள் 45 நாட் வேகத்தைத் தொட்டன. அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். கூடிய நீளமும் பெரும்பாலும் பின்புறத்துக்கே போயிற்று. நீந்துபவர் ஏறி இறங்குவதற்கு வசதியாக அப்பகுதி விரிவுபெற்றது.

இந்த மாற்றங்களின் அளவே ஒரு செய்தி. அதே முப்பது ஆண்டுகளில் கார்களின் உருவம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. அக்குவாராமாவில் கண்ணாடியின் வளைவும், முன்தளத்தின் வெளிர்நிறக் கோடுகளும், பின்புறத்தின் உருட்டலும் அப்படியே இருந்தன. எஞ்சினும் வசதியும் மாறின, முகம் மாறவில்லை. 1962 படகையும் 1992 படகையும் அருகருகே நிறுத்தினால் இரண்டும் ஒரே குடும்பம் என்பது குழந்தைக்கும் தெரியும். தொடக்கத்திலேயே சரியாக அமைந்த ஒன்றைத் திருத்தலாம், தூக்கி எறியக் கூடாது என்ற நிதானத்தை நான் இதில் காண்கிறேன்.

இந்த உடல் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதற்கு ஒரு படகு சான்று. 1968இல் கார் உற்பத்தியாளர் ஃபெருச்சோ லம்போர்கினி தனக்கென ஒரு அக்குவாராமாவை வாங்கி, தம் 350 ஜிடி காரின் பன்னிரண்டு உருளை எஞ்சின்கள் இரண்டை அதில் பொருத்தச் செய்தார். காரின் எஞ்சினைக் கடலுக்கு ஏற்றதாக்குவது எளிய வேலையில்லை. குளிர்விக்கும் முறை மாற வேண்டும். நீண்ட நேரம் முழு விசையில் ஓடும் சுமையைத் தாங்க வேண்டும். அந்தப் படகு பின்னர் கைமாறியது, அந்த எஞ்சின்களும் கழற்றப்பட்டன. நெதர்லாந்தின் ரீவா-வேர்ல்டு பட்டறை மூன்று ஆண்டுகள் உழைத்து, அதே வகை எஞ்சின்களைத் தேடிப் பொருத்தி, 2013இல் அதை மீட்டெடுத்தது. ஏறத்தாழ 48 நாட் வேகத்தில் அது இப்போதும் ஓடுகிறது.

புகழ் வந்த வழி

அக்குவாராமாவின் பிறப்பு இத்தாலியின் பொருளாதார எழுச்சிக் காலத்தோடு ஒத்துப்போகிறது. 1950களின் பிற்பகுதி தொடங்கி அந்நாட்டில் தொழில் விரைந்து வளர்ந்தது. புதிதாகச் செல்வம் பெற்ற தொழிலதிபர்கள், ரோம் நகரத் திரைத்துறையினர், தெற்கு பிரான்ஸில் விடுமுறை கழித்த ஐரோப்பியர், அமெரிக்கர் என்று ஒரு வாடிக்கையாளர் கூட்டம் உருவாயிற்று. ரீவா படகுகளை வைத்திருந்தவர்களின் பட்டியலில் பிரிஜித் பார்தோ, சோபியா லாரன், பீட்டர் செல்லர்ஸ், ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஆகியோர் உண்டு. பெயர்கள் புகழைப் பெருக்கின என்பது உண்மை. ஆனால் புகழ்பெற்றவர்கள் வாங்கிய படகுகள் எத்தனையோ மறக்கப்பட்டுவிட்டன. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு மரப்படகு ஓடும் நிலையில் இருந்தால்தான் அதன் பெயரும் ஓடும். அதைச் சாத்தியமாக்கியது ஒட்டுப்பலகையும், வரைபடங்களும், உதிரிப்பாக ஒழுங்கும், சேவைக் கூடங்களும்.

மரம் விடைபெற்ற விதம்

1960களின் முடிவில் ஃபைபரின் வெற்றி உறுதியாகிவிட்டது. அச்சில் கண்ணாடியிழையை விரித்துப் பிசினை ஊற்றினால் வடிவம் கிடைக்கிறது. தேர்ந்த தச்சர்கள் வேண்டாம், ஆண்டுதோறும் வார்னிஷ் வேண்டாம், மரம் மட்கும் அச்சமும் இல்லை. கார்லோவுக்குக் கற்றுக்கொடுத்த கிரிஸ்-கிராஃப்டே 1970களின் தொடக்கத்தில் மரப்படகு கட்டுவதை நிறுத்திவிட்டது. ரீவா பட்டறையும் அந்தப் பத்தாண்டு பிறக்கும்போதே ஃபைபர் படகுகளைச் செய்யத் தொடங்கியது.

1969இல் கார்லோ தம் நிறுவனத்தை அமெரிக்காவின் விட்டேக்கர் நிறுவனத்துக்கு விற்றார். இரண்டு ஆண்டுகளில் அவர் வெளியேறினார். அவருடைய மைத்துனர் ஜீனோ ஜெர்வசோனி தொடர்ந்து பொறுப்பில் இருந்தார். பாரிலானி வரைபட மேசையில் இருந்தார். கார்லோ போன பிறகும் அக்குவாராமா ஸ்பெஷல் கால் நூற்றாண்டு கட்டப்பட்டதற்கு இவர்களும், பட்டறையின் மூத்த தச்சர்களுமே காரணம். ஆண்டுக்கு ஒருசில படகுகள் என்ற அளவுக்கு எண்ணிக்கை சுருங்கினாலும் கைத்திறன் அறுபடவில்லை. 1980களின் இறுதியில் பிரித்தானியாவின் விக்கர்ஸ் நிறுவனம் ரீவாவை வாங்கியது. 1996இல் அக்குவாராமா உற்பத்தி நின்றது. பாரிலானியும் அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றார். 1998இல் ஸ்டெலிகன் நிறுவனம், 2000இல் இத்தாலியின் ஃபெரெத்தி குழுமம் என்று உரிமை மாறியது. ரீவாவைச் சிறிது காலம் வைத்திருந்த அதே ஸ்டெலிகன் 2001இல் கிரிஸ்-கிராஃப்டையும் வாங்கியது.

ஃபெரெத்தி காலத்தின் முதல் பெரிய முயற்சி அக்குவாரிவா. மௌரோ மிகெலியும் செர்ஜியோ பெரெத்தாவும் நடத்தும் ஒஃபிசினா இத்தாலியானா வடிவமைப்பு நிறுவனம் அதை வரைந்தது. பத்து மீட்டர் நீளம், ஃபைபர் உடல், டீசல் எஞ்சின்கள். தளத்திலும் உட்புறத்திலும் மகோகனி. அதன்மேல் இருபது பூச்சு. பழைய படகின் கண்ணாடி வளைவையும், பின்புற உருட்டலையும், வெளிர்நிறக் கோடுகளையும் அது மரியாதையோடு எடுத்துக்கொண்டது. கடலில் மென்மையாகவும் பாதுகாப்பாகவும் ஓடுகிறது. நல்ல படகு என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஓர் அடிப்படை வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அக்குவாராமாவில் மகோகனியை எடுத்துவிட்டால் படகே இல்லை. அக்குவாரிவாவில் மகோகனியை எடுத்துவிட்டாலும் படகு மிதக்கும், ஓடும். முன்னதில் மரம் எலும்பு. பின்னதில் மரம் ஆடை. 2010இல் ஆஸ்திரேலிய வடிவமைப்பாளர் மார்க் நியூசன், அக்குவாரிவாவை அடிப்படையாகக் கொண்டு 22 படகுகளுக்கான ஒரு சிறப்பு வடிவத்தை உருவாக்கினார். அதில் அந்த ஆடையும் மாறியது. மகோகனிக்குப் பதில், துணியடுக்குகளைப் பிசினில் தோய்த்து அழுத்திய, மரத்தின் நிறம் கொண்ட ஒரு பொருள் இடம்பெற்றது. கட்டுமானமாக இருந்தது முதலில் மேற்பூச்சானது, பிறகு மரம் போய் அதன் நிறம் மட்டும் எஞ்சியது. அரை நூற்றாண்டின் வடிவ வரலாறு இந்த மூன்று படிகளில் அடங்கிவிடுகிறது.

இதை வீழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான சொகுசுப் படகுகளை மகோகனி மரத்தில் கட்ட இன்றைய காடுகள் தாங்கா. வெப்பமண்டல மரங்களை வெட்டுவதற்கான கட்டுப்பாடுகள் தேவையானவை, நியாயமானவை. ஃபைபர் படகு பலருக்குக் கடலை அருகில் கொண்டுவந்திருக்கிறது. என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பொருள் தன் வேலையிலிருந்து விலகித் தோற்றமாக மட்டும் எஞ்சும்போது, அதைக் கையாளும் அறிவும் மெல்ல மறைகிறது. வளைவில் பலகையை எப்படி உட்கார வைப்பது, எந்த ரேகை எந்தப் பக்கம் போக வேண்டும், எத்தனை பூச்சுக்குப் பிறகு தேய்ப்பை நிறுத்த வேண்டும் என்பவை வரைபடத்தில் முழுவதாக ஏறாதவை. கையிலிருந்து கைக்குப் போக வேண்டியவை.

மதிப்பீடு

அக்குவாராமா எந்தத் துறையிலும் முதலில் வந்ததில்லை. அதன் உடல் ட்ரிட்டோனேயுடையது, வகை அமெரிக்காவுடையது, எஞ்சின் கடன் வாங்கியது, பெயர்கூடத் திரையரங்கிலிருந்து வந்தது. கடலோட்டத்தில் அதைவிடச் சிறந்த அடிவடிவம் அன்றே இருந்தது. ஆனாலும் ஒன்றை அது முழுமையாகச் செய்துகாட்டியது. தேர்ந்தெடுத்த சில நல்ல கூறுகளை, ஒரு கண்டிப்பான ஒழுங்கில், பிசகின்றி, 34 ஆண்டுகள் இணைத்துக்கொண்டே இருந்தது. புதுமை செய்பவரை வரலாறு எளிதில் நினைவில் வைக்கும். இருப்பதைச் செம்மையாக்கியவரையும் அதே மதிப்போடு நினைவில் வைக்க வேண்டும் என்பதற்கு இந்தப் படகு வலுவான சான்று.

கார்லோ ரீவா 2017 ஏப்ரலில் தமது 95ஆம் வயதில் மறைந்தார். அவர் கட்டிய படகுகளில் பல இன்னும் ஐரோப்பிய ஏரிகளிலும் கடற்கரைகளிலும் ஓடுகின்றன. சார்னிக்கோவிலும் பிற நாடுகளிலும் அவற்றை மீட்டெடுக்கும் பட்டறைகள் இயங்குகின்றன. அருங்காட்சியகங்கள் இந்தப் படகுகளைக் காட்சிக்கு வைப்பதோடு நிறைவடையக் கூடாது. அவற்றைக் கட்டத் தெரிந்த கடைசித் தலைமுறைத் தச்சர்களிடம் இளையவர்களைக் கற்க அனுப்ப வேண்டும். ஒரு படகைக் காப்பாற்றினால் ஒரு படகு மிஞ்சும். அதைக் கட்டும் கைத்திறனைக் காப்பாற்றினால் அடுத்த நூற்றாண்டிலும் மரப்படகு இருக்கும்.